மூலைப்படியில் நின்ற மீன்

வடக்கு வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தேன். பிரின்ஸி வரப்பில் வந்து நின்றாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கணுக்கால் வரை சேறு.

"மாமா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"என்ன ஆயி?"

"விடியக்காலம் இன்னும் ரெண்டு மீனு செத்து மெதந்துச்சு. இப்ப பொட்டு ஒண்ணுதான் மிச்சம்."

மண்வெட்டியை மடையில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் நாள்தான் கல்லறைத் திருநாள். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெய்யாத நேரத்திலும் வானம் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது.

"அத்தை நேத்திலேருந்து ஒரு வாய் சோறு திங்கல. 'அதையும் கூட்டிக்கிட்டான்னா அடுத்து நான்தான்'ங்கிறாங்க. அழுதுகிட்டுச் சொன்னாக்கூட பரவால்ல மாமா. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. பொட்டியைத் தொறந்து அவுங்க கல்யாணச் சேலைய எடுத்துக் கொடியில போட்டிருக்காங்க. இதைத்தான் எனக்குக் கட்டிவிடணும்னு சொல்றாங்க."

பிரின்ஸி அழவில்லை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். புருஷன் செத்த பிறகு மாமியாரைத் தனியாக விட முடியாமல் வேலையை விட்டு வந்து மூன்று மாதமாகிறது.

"போ, வர்றேன்" என்றேன். மடையை அடைத்துவிட்டு வாய்க்காலில் காலைக் கழுவினேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியது தெரியும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் இரண்டு மாதமாக அந்த வீட்டுப் பக்கம் போவதையே குறைத்திருந்தேன்.

பிரின்ஸியின் மாமியார் ஆரோக்கியம் அக்காவும் அவள் புருஷன் சவரிராஜும் நானும் ஒரே பண்ணையில் வேலை செய்தவர்கள். அவர்கள் கோயில்தெரு, நான் காளியம்மன் தெரு. நடவுக்கும் அறுப்புக்கும் இரண்டு தெருவும் ஒன்றாகத்தான் இறங்கும். பிறகு பண்ணைக்காரர் நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். சவரிராஜ் வீட்டை ஒட்டி மூன்று மா நிலம், ஒரு ஏக்கர், வாங்கினார். அதில் இரண்டு போகம் பார்ப்பதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர்களுக்கு ஒரே மகன், ரெமிஜியஸ்.

பையன் பன்னிரண்டாவது முடித்த வருஷம் மலேசியாவுக்குப் போனான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஹோட்டல், செம்பனைத் தோட்டம், கட்டட வேலை. இவன் போய்ச் சேர்ந்தது மீன் பண்ணை. தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்ட வேண்டும் என்றான்.

நாலு பேர் பதினொரு நாள் வெட்டினோம். முப்பதடி நீளம், இருபதடி அகலம், ஆளுயர ஆழம். நெல் விளைகிற வண்டலைக் கூடையில் அள்ளிக் கொட்டும்போது எனக்குக் கை கூசியது. அவன் அடியிலும் பக்கத்திலும் சிமெண்டு பூசினான். மோட்டார் கொட்டகையை ஒட்டிய மூலையில் மட்டும் மூன்று படி கட்டினான். மோட்டார் தொட்டியிலிருந்து வரும் குழாயின் வாயும் அந்த மூலையில்தான். அதன் திருகு தேய்ந்து எந்நேரமும் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்.

சென்னையிலிருந்து பாலிதீன் பையில் காற்றடைத்து மீன் வந்த அன்றைக்குத் தெருவே கூடியது. விரல் நீளம் பதினொரு குஞ்சு. சிவப்பு, மஞ்சள், கறுப்புத் திட்டு. அதில் ஒன்று மட்டும் உடம்பு முழுக்க வெள்ளை. நெற்றியில் மட்டும் மிளகு அளவு ஒரு சிவப்பு.

டீக்கடை முகம்மது யூசுப் குனிந்து பார்த்துவிட்டு, "கெண்டைக்குப் பொட்டு வச்சுக் கூட்டியாந்திருக்கே. வளைகாப்பு எப்ப?" என்றார்.

"கெண்டை சாதிதான் பாய். கோயின்னு சொல்லுவாங்க. இதுக்குத் தனிப் பேரு, டாஞ்சோ" என்றான் ரெமிஜியஸ். "ஜப்பான்ல ஒரு கொக்கு இருக்கு. ஒடம்பு வெள்ளை, உச்சந்தலை மட்டும் செவப்பு. அந்தக் கொக்கு பேரைத்தான் இதுக்கு வச்சிருக்காங்க."

"கொக்கு பேரை மீனுக்கு வச்சா மீனு கோவிச்சுக்காதா? கொழம்பு வச்சா எப்படியிருக்கும்?"

"உங்களை வச்சுக் கொழம்பு வச்சா எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் எனக்கு மட்டும் பிறகு சொன்னான். இந்தச் சிவப்பை யாரும் செய்ய முடியாது மாமா, தானா விழணும். ஆயிரம் குஞ்சு பொரிச்சா ஒண்ணு ரெண்டுல விழும். கண்ணைத் தொடக் கூடாது, மூக்குக்கு எறங்கக் கூடாது, ஒடம்புல வேற எங்கயும் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. வெள்ளைன்னா அவிச்ச முட்டை வெள்ளை. வளர வளர வட்டம் சில சமயம் கலைஞ்சுபோயிடும், சில சமயம் மங்கிப்போயிடும். எது நிக்கும் எது போகும்னு சொல்ல முடியாது. அதனாலதான் அதுமேல எல்லாருக்கும் அவ்வளவு ஏக்கம். பத்து வருஷம் அங்க இதைத்தான் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன். மேலேருந்து பாக்கணும் மாமா, அப்பதான் அழகு.

வட்டம் கலையவில்லை. மீன் முழங்கை நீளம் வளர்ந்தபோது சிவப்பு பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்து நின்றது. தெருவில் எல்லோரும் அதைப் பொட்டு என்றே கூப்பிட்டார்கள்.

அவன் விடியற்காலையில் மூலைப்படிக்கு வந்து இரண்டாம் படியில் உட்கார்ந்து உள்ளங்கையால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டுவான். பதினொன்றும் வந்துவிடும். பொட்டு முன்னால் வந்து அவன் விரலைச் சப்பும். நானும் அதே படியில் உட்கார்ந்து தட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் வராது. "காலடி தெரியும் மாமா அதுக்கு" என்பான்.

குஞ்சு விற்கலாம் என்று நினைத்தான். இரண்டு வருஷம் ஏதோ நடந்தது. பிரின்ஸியைக் கல்யாணம் கட்டினான். ஆறு சரியாக வராத வருஷங்களும் அப்போதுதான் வந்தன. குறுவை போயிற்று, போர் தண்ணீர் இறங்கியது, வாங்க வந்தவர்களும் நின்றார்கள். மறுபடி மலேசியாவுக்கே போனான். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னான்:

"மீனை எப்படிப் பாக்கணும்னு கொட்டகைச் சுவத்துல காவியில எழுதியிருக்கேன் மாமா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க ஒருக்க படிச்சுச் சொல்லிடுங்க. பிரின்ஸி வார வாரம்தான் வரும்."

"அதுக்கென்ன, சொல்லிடுறேன்" என்றேன்.

சொல்லவில்லை. முதல் வாரம் நாற்று பறிப்பு. அடுத்த வாரம் காய்ச்சல். அதன் பிறகு மறந்தே போனது. அறிவொளி வகுப்பில் முப்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டியவன் நான். எதையாவது படி என்றால் இன்றைக்கும் நாற்றுக்கட்டைத் தூக்கச் சொன்ன மாதிரிதான். அப்புறம் பார்க்கலாம் என்று தோன்றும்.

போன ஆடியில் செய்தி வந்தது. லாரியில் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி சரிந்து அவன்மேல் விழுந்துவிட்டது என்றார்கள். உடலைக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே அடக்கம். போனில் ஒரு படம் வந்தது. ஈரச் செம்மண், சிமெண்டுச் சிலுவை, அதில் ஒரு நம்பர். அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரோடதோ" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. சுற்றிலும் பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து குளத்துப் பக்கம் போனாள். அங்கே காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் குமிழி விடுகிற மெஷின், ராத்திரி பகல் நிற்காமல் முனகும். அவன் பஸ் ஏறிய நாளிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை.

"சாவு வீட்டுல என்ன பாட்டு?" என்று சொருகியைப் பிடுங்கினாள்.

எங்கள் பக்கத்தில் முப்பது நாள் வரைக்கும் சாவு வீட்டில் ரேடியோ, டி.வி. எதுவும் பாடாது. டி.விமேல் துணியைப் போட்டு மூடினார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். முப்பது நாள் முடிந்தும் அந்தத் துணி எடுபடவில்லை. மெஷினும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில் அக்கா தெருவுக்கு ஓடிவந்து எல்லோரையும் எழுப்பினாள். "வந்து பாருங்க. எம்புள்ள வந்திருக்கான்."

நானும் போனேன். பனி படர்ந்த தண்ணீர். மூலைப்படிக்கு நேராகப் பதினொரு மீனும் நெருக்கியடித்து நின்றன. எல்லாம் படியைப் பார்த்தபடி. தலை தண்ணீருக்கு மேலே, வாய் திறந்து மூடித் திறந்து மூடி. படியில் யாரும் இல்லை. அத்தனை வாயும் சேர்ந்து நனைந்த துணியில் முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம். பொட்டு எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டாம் படியை முட்டிக்கொண்டு.

எனக்கு மயிர் குத்திட்டது. கோயில் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். யூசுப் பாய் சம்சாரம் சைத்தூன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. சூரியன் புளியமரத்துக்கு மேலே வந்ததும் மீன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து அடியில் இறங்கின.

"போயிட்டான்" என்றாள் அக்கா.

அன்றைக்கு வீடு திரும்பிக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் மேகம் மூடிய நாட்களில் விடியுமுன்னே குட்டைக்கு ஓடுவோம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூச்சு தீர்ந்து மீனெல்லாம் மேலே வந்து வாய் காட்டும். கூடையால் அள்ளலாம். வெயில் ஏறினால் தெளிந்து இறங்கிவிடும். குளத்தில் புதுத் தண்ணீர் சொட்டுவது அந்த மூலையில் மட்டும்தான். மீன்கள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தன.

தெரிந்தும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை இரண்டாவது தடவை சாகடிக்கிற வேலை அது. அதைக் கூலிக்குக்கூட எவனும் செய்ய மாட்டான் என்று இருந்துவிட்டேன்.

அக்கா தீனியை விட்டுவிட்டுச் சோறு போடத் தொடங்கினாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து உருண்டை பிடித்து மூலையில் போட்டாள். பொரியை அள்ளி இறைத்தாள். தண்ணீர் பச்சையாகி, பச்சை கறுத்தது. ஒரு மீன் செத்தது. "கூட்டிட்டுப் போயிட்டான்" என்று கரையில் குழி தோண்டிப் புதைத்து, ஈர்க்கை ஒடித்துச் சிலுவை கட்டி நட்டாள். அப்படியே ஒவ்வொன்றாக.

பிரின்ஸி கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் பத்து ஈர்க்குச் சிலுவை நின்றது. அன்று காலையில் நட்ட இரண்டைத் தவிர ஒவ்வொன்றின் அடியிலும் மழையில் அணைந்த மெழுகுவர்த்தி. மகனுக்கு இங்கே கல்லறை இல்லாததால் திருநாள் மெழுகுவர்த்தியை இங்கேயே ஏற்றியிருந்தாள். கொடியில் பழைய பட்டுச்சேலை தொங்கியது.

அக்கா மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எலும்பு தெரிந்தது.

"வா கண்ணுசாமி. அந்தக் குட்டி வந்து வத்தி வச்சுட்டாளா?"

"சாப்பிடலையாமே அக்கா."

"பசிக்கல. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

"நண்டு. மழைத்தண்ணியில வரப்பெல்லாம் ஊருது."

"வயல் நண்டா? அவனுக்கு உசுரு. ஒரு கிண்ணத்துல கொண்டாந்திருக்கக் கூடாதா, போட்டிருப்பேன்ல."

பிரின்ஸி என்னைப் பார்த்தாள். நான் படியில் இறங்கிக் குந்தினேன். தண்ணீரிலிருந்து புளித்த கழுநீர் நாற்றம் வந்தது. பொட்டு எங்கேயும் தெரியவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அது அவன் இல்லக்கா. மீனு மூச்சு முட்டி வருது. நம்ம குட்டையில வாய் காட்டுமே, அந்த மாதிரி. இந்தக் குழாய்த் தண்ணிக்கு வருது. சோறு போடப் போடத் தண்ணி கெட்டுப்போச்சு. மெஷினைப் போட்டு, கசடை அள்ளினா பொட்டாவது பொழைக்கும்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்க சாமிக்குக் கெடா வெட்டிக் குறி கேக்குறீங்களே, நான் என்னைக்காவது வந்து, பேசுறது சாமி இல்லன்னு சொன்னனா?"

"இல்லக்கா."

"பின்னே?"

"அவன் வர்றான்னா, வெயில் வந்ததும் ஏன் போயிடுறான்?"

"வேலைக்கு நேரமாச்சுன்னு போறான். பத்து வருஷமா அப்படித்தானே போனான். வந்தான்னா முகத்தைக் காட்டுவான், ஒடனே பொட்டியைத் தூக்குவான். இப்ப தினம் வர்றான். அந்த மட்டும் பரவால்ல."

படியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை விரலால் சுரண்டினேன்.

பிரின்ஸிதான் பேசினாள். "அத்தை, எனக்கு இருந்த பொட்டை அழிச்சீங்க. நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு இருக்குறதையாவது விட்டுவைங்களேன்."

"நானா எடுக்குறேன்? அவன் எடுத்துக்கிறான்."

"மெஷினைக் குடுங்க. நான் மாட்டுறேன்."

"அந்தச் சத்தம் கேட்டா வர மாட்டான்டி. அவன் காலடிகூடக் காதுல விழாது."

பிரின்ஸி என்னைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். போன வாரம் மாமியாருக்குத் தெரியாமல் மெஷினைச் சொருகியிருக்கிறாள். சத்தம் கேட்டு வந்த அக்கா படி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாள். கழுத்தளவில் போய் நின்றுகொண்டு, "நிறுத்தினாத்தான் ஏறுவேன்" என்றிருக்கிறாள். பிறகு மெஷினைக் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாளாம்.

"பொட்டு செத்துச்சுன்னா இவுங்க எறங்கிடுவாங்க மாமா. நான் எத்தனை நாள் தூங்காம முழிச்சிருக்கிறது?"

அன்றைக்குச் சாயங்காலம் பிடித்த மழை அடை மழையாகப் பெய்தது. எனக்கும் உறக்கம் இல்லை. கோழி கூப்பிட்டதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெரு முழுக்க ஓடுகிற தண்ணீர்ச் சத்தம்.

பிரின்ஸி சமையல்கட்டு வாசலில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போயிருந்தாள். அக்கா குளக்கரையில் நின்றாள். அவள் குளத்தைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுசாமி, இங்க வா. எழுதியிருக்கான் பாரு. ராவோட ராவா வந்து எழுதிட்டுப் போயிருக்கான்."

நிமிர்ந்து பார்த்தேன். நனைந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கு உள்ளேயிருந்து சிவப்பு எழுத்துகள் மேலே வந்திருந்தன. தோலுக்கு அடியில் நரம்பு தெரிவது போல. வரிவரியாக, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. ரெமிஜியஸ் எழுத்து.

ஒரு எட்டுப் பின்னால் போனேன். பேய்க்குப் பயந்து அல்ல. முப்பதாம் நாள் பூசைக்கு அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவன் நான். காவி எழுத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சுண்ணாம்பு மட்டையை இழுத்தேன். பொழுதுக்குள் முடிக்க வேண்டும், இன்னும் இரண்டு சுவர் பாக்கி, கை கடுக்கிறது. இரண்டு பூச்சில் எழுத்து மறைந்தது. ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரியாகும் என்று தெரிந்த எனக்கு அன்றைக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"படி" என்றாள் அக்கா. "என்ன எழுதியிருக்கான், படி."

கிட்டப் போய் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஒன்றுக்குள் ஒன்று சொருகின எழுத்து. சில இடத்தில் விரலை வைத்துத்தான் படிக்க முடிந்தது.

"அம்மாவுக்கு. மேகம் மூடினால் தீனி வேண்டாம். சோறு, பொரி எதுவும் போடக் கூடாது. தண்ணி கெட்டுடும். காத்து மெஷின் ஒரு நாளும் நிக்கக் கூடாது."

நிறுத்தினேன். அடுத்த வரியைக் கண்ணால் படித்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு."

"படிடா."

"விடியல்ல மீன் மூலைக்கு வந்து வாயைத் தொறந்தா பசின்னு நெனைக்காதே. மூச்சு முட்டுது. உடனே குழாயைத் தொறந்து விடு. பொட்டு பத்திரம்."

வாய்க்காலில் தவளைகள் கத்தின. அக்கா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து ராவு எழுதினானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். மகன் சொன்னான் என்று மெஷினை எடுத்துக் கொடுத்திருப்பாள். மகனும் அவளுக்கு இருந்திருப்பான். அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சுவரில் அம்மாவுக்கு என்று எழுதிவைத்துவிட்டு என்னை நம்பி பஸ் ஏறியவன் அவன்.

"இல்லக்கா. ஊருக்குப் போறப்ப எழுதினது. என்னைத்தான் உனக்குப் படிச்சுச் சொல்லச் சொன்னான். நான் சொல்லல. அதுக்கு மேல வெள்ளையடிச்சதும் நான்தான்."

அவள் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷமா அவன் சொல்லிக்கிட்டே நின்னிருக்கான்" என்றாள். "நாம கேக்கல."

பிறகு குளத்தைப் பார்த்தாள். மூலைப்படியில் பொட்டு மட்டும் தனியாக நின்றது. நிற்கவும் முடியவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, திறந்த வாயை மூட முடியாமல் குழாய்ச் சொட்டுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தது. நெற்றிச் சிவப்பு வெளுத்து, பழைய புண் ஆறிய இடம் மாதிரி இருந்தது.

"இத்தனை நாளும் மூச்சுக்கா வந்துச்சு?"

"ஆமாக்கா."

"நான் வாயில சோத்தைப் போட்டேன்."

"அக்கா."

"பத்தையும் நான்தான் கொன்னேனா கண்ணுசாமி?"

"நம்ம ரெண்டு பேரும்."

அவள் வீட்டுக்குள் போனாள். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. பிரின்ஸி பதறி எழுந்து என் பக்கம் ஓடிவந்தாள். அக்கா மெஷினைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மருமகளிடம் நீட்டினாள்.

"இதை எப்படி மாட்டுறதுன்னு எனக்குத் தெரியாது. நீ மாட்டு."

பிரின்ஸி குழாயை முழுக்கத் திறந்தாள். மெஷினை மாட்டிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சாய்ந்துகிடந்த மீனை வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து நிமிர்த்தி, தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் இருக்கும். அவள் உதடு நீலம் பாய்ந்தது. நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு மீன் அவள் கையை உதறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. மேல் படியில் நின்ற அக்காவின் வாய் அதுவரை திறந்தே இருந்தது. அப்போதுதான் மூடினாள்.

மூன்று நாள் கசடு அள்ளினேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு அடியில் இறங்கினால் முழங்கால் வரை கறுப்புச் சேறு. அழுகின சோறு, ஊறிய பொரி, கருவாட்டு முள். வாளி வாளியாகத் தென்னைக்குக் கொட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. கூலி வாங்கவில்லை. அக்கா கொடுக்கவும் வரவில்லை. மத்தியானம் சோறு மட்டும் போட்டாள். அவளும் எதிரில் உட்கார்ந்து தின்றாள்.

நாலாம் நாள் விடியற்காலையில் அவள் வழக்கம்போல மூலைப்படிக்குப் போனாள். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. மூலையில் மீன் இல்லை. எதிர்க்கரை ஓரம் அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். படியில் யாருக்காகவும் எதுவும் வந்து நிற்கவில்லை.

அக்கா அப்போதுதான் அழுதாள். ஆடியில் அழ வேண்டிய அழுகை. தெருக்கோடிக்குக் கேட்டது. சைத்தூன் பீவி ஓடிவந்து பிடித்துக்கொண்டது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, செய்தி வந்த நாள் போலவே மறுபடி மாரடித்தார்கள். பிரின்ஸி தூண் ஓரம் நின்று தானும் அழுதுவிட்டுப் பிறகு கொடியிலிருந்த பட்டுச்சேலையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

தை பிறந்தது. சம்பா அறுப்புக்கு மெஷின் வந்தது. எங்களுக்கு வரப்போரம் மெஷின் எட்டாத இடத்தில் அரிவாள் வேலை மட்டும். பிரின்ஸி மறுபடி தஞ்சாவூர் வேலையில் சேர்ந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிறு பூசை முடிந்து போவாள். பொட்டின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முன்பை விட அடர்த்தி என்று யூசுப் பாய் சொன்னார். கரையில் நட்ட ஈர்க்குச் சிலுவைகள் மக்கி விழுந்தன. அக்கா புதிதாக நடவில்லை. சுவரில் காய்ந்த சுண்ணாம்புக்குள் எழுத்து மறுபடி மறைந்துபோயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும், மழைக்கு வரும்" என்றாள்.

ஒருநாள் அறுப்புக்குப் போகிற வழியில் குழாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்பக்கமாக வந்தேன். திருகை மாற்றியிருந்தோம். இப்போது ஒழுகுவதில்லை. கிழக்கு வெளுத்திருந்தது. மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது.

மூலைப்படியில் பொட்டு நின்றது.

வாய் மூடியிருந்தது. செவுள் நிதானமாக அசைந்தது. மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. துடுப்பை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு இரண்டாம் படியையே பார்த்து நின்றது. அந்தப் படியை ஒட்டித் தண்ணீரில் வட்டம் ஒன்று விரிந்து, அதற்குள் இன்னொன்று விரிந்து, கரையைத் தொட்டு அடங்கியது. யாரோ இரண்டு தட்டுத் தட்டிய மாதிரி. மேலே மரம் இல்லை. காற்றும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் வலித்தது. உட்காரலாம் என்று மேல் படியில் இறங்கினேன். நடுவில் உட்காரவில்லை. ஓரமாகச் சுவரை ஒட்டி ஒடுங்கிக் குந்தினேன்.

சமையல்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாரு அங்க?"

"நான்தான்கா. கண்ணுசாமி."

"டீ போட்டிருக்கேன். நீ மட்டுமா?"

மீன் நகரவில்லை. அதன் நெற்றிச் சிவப்பு தண்ணீருக்கு ஒரு விரல் கீழே பளிச்சென்று இருந்தது.

"நான் மட்டும்தான்கா" என்றேன்.